300 எம்பி லைன் இருந்தும் பாட்டு நின்று நின்று வருகிறது

ஆனையூரிலிருந்து ஒரு வாசகர் – 2025 மார்ச் 2, மாலை 6.40

வீட்டில் 300 எம்பி ஃபைபர் லைன். சோதித்துப் பார்த்தால் 290 காட்டுகிறது. ஆனால் படுக்கையறையில் இருக்கிற வைஃபை ஸ்பீக்கரில் பாட்டு போட்டால் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்று சுற்றுகிறது. லைன் கொடுத்தவர் 500 எம்பி பிளானுக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா அண்ணே?

மார்ச் 2, இரவு 9.15

மாற வேண்டாம் தம்பி. காசு வீண்.

கணக்கைப் பாருங்கள். நல்ல தரத்தில் ஒரு பாட்டு வர விநாடிக்கு 320 கிலோபிட் போதும். உங்கள் லைன் விநாடிக்கு 3,00,000 கிலோபிட். தொள்ளாயிரம் பாட்டை ஒரே நேரத்தில் ஓட விடலாம். சிடியில் இருப்பதைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினால்கூட 1,411 கிலோபிட்தான். அதிலும் இருநூறு ஓடும். மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டில் இருப்பது வெறும் 40 எம்பி. ஆக, லைனில் பிரச்சினை இல்லவே இல்லை.

பின்னே பாட்டு ஏன் நிற்கிறது? பஃபர் காலியாவதால். பஃபர் என்பது மொட்டை மாடித் தொட்டி மாதிரி. மாநகராட்சித் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வருகிறது, ஆனாலும் தொட்டியில் தண்ணீர் இருக்கிற வரைக்கும் சமையலறைக் குழாய் நிற்காது. ஸ்பீக்கருக்குள்ளும் அப்படி ஒரு சின்னத் தொட்டி உண்டு. சில விநாடிப் பாட்டு அதில் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். வருவது தடைப்பட்டு அது வற்றினால் பாட்டு நிற்கும். தெருவில் எத்தனை அகலக் குழாய் போட்டாலும் நம் வீட்டுக்குள் ஏறுகிற குழாயில் அடைப்பு இருந்தால் தொட்டி வற்றத்தான் செய்யும்.

ரவுட்டர் எங்கே இருக்கிறது, ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது, நடுவில் என்ன இருக்கிறது, ஸ்பீக்கர் வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறதா 5-இலா? இந்த நான்கையும் எழுதுங்கள்.

மார்ச் 3, காலை 6.50

நேற்று அவசரமாக எழுதிவிட்டேன். எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்குகிறார். முட்டி வலி, வெளியே போக முடியாது. மாடி அறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து நாதஸ்வரம் கேட்பார். மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் என்றால் உயிர். கேசட் தேய்ந்து போனதால் இரண்டு வருஷத்துக்கு முன் அறையில் ஒரு ராஸ்பெர்ரி பை வைத்து, அதில் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் மாட்டிக் கொடுத்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு கணினி, அவ்வளவுதான். கீழே ஹாலில் இருந்து வைஃபையில் பாட்டு போகும்.

தோடி ஆலாபனை. காந்தாரத்தைப் பிடித்து அசைத்து அசைத்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவின் வலது கை நாற்காலிக் கைப்பிடியை விட்டு எழும்பி, அந்த அசைவோடு கூடவே போகும். அந்த இடத்தில் பாட்டு நிற்கும். கை அப்படியே காற்றில் நிற்கும். மூச்சு வாங்குகிறார்கள் என்று நினைத்து அவர் காத்திருப்பார். ஐந்து விநாடி, பத்து விநாடி. அப்புறம் மெதுவாகக் கையை இறக்கி மடியில் வைத்துக்கொள்வார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நாலைந்து நாள் இப்படி நடந்த பிறகு, "விடுப்பா, எனக்கு அந்தப் பழைய டேப்பே போதும்" என்றார்.

அந்த வார்த்தைக்கு அப்புறம்தான் நான் இதில் உட்கார்ந்தேன். நான் கணக்கு எழுதுகிற வேலையில் இருப்பவன், நெட்வொர்க் படித்தவன் கிடையாது. ஒரு பழைய பேரேட்டு நோட்டு எடுத்து, எந்த மணிக்கு நின்றது, எத்தனை விநாடி, அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று எழுத ஆரம்பித்தேன். லைன் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று ஃபோனில் வேகம் பார்த்தார், 38 வந்தது. "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாடிக்கு ஏறிப் பார்க்கவே இல்லை.

மார்ச் 5, இரவு 10.05

ஆனையூர்த் தம்பி பதில் போட்டிருக்கிறார். ரவுட்டர் ஹாலில் ஷோகேஸ் மேல். ஸ்பீக்கர் அடுத்த அறை. நடுச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். அந்தச் சுவரை ஒட்டிப் படுக்கையறைப் பக்கம் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ. ஸ்பீக்கர் பீரோவுக்கு அந்தப் பக்கம்.

தம்பி, பீரோதான் உங்கள் முதல் எதிரி. செங்கலை வைஃபை ஓரளவு ஊடுருவும். இரும்புத் தகட்டை ஊடுருவாது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ரசப் பூச்சும் உலோகம்தான், அதுவும் அலையைத் திருப்பியடிக்கும். சுற்றிக்கொண்டு வருகிற மிச்சம் மீதிதான் ஸ்பீக்கருக்குக் கிடைக்கிறது.

ஆண்ட்ராய்டு ஃபோனில் வைஃபை அனலைசர் வகை ஆப் இலவசமாகவே கிடைக்கும். அதில் டிபிஎம் என்று ஓர் எண் வரும், அலையின் பலத்தைக் காட்டுவது, மைனஸில் இருக்கும். மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை பாட்டுக்குக் கவலை இல்லை. 75-ஐத் தாண்டினால் தகராறு. பத்து குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் ஹாலில் மைனஸ் 48, மாடிப்படித் திருப்பத்தில் மைனஸ் 63, அப்பா அறையில் மைனஸ் 79. அதாவது ஹாலில் கிடைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அப்பா அறையில் இல்லை. நடுவில் இருப்பது ஒரு கான்கிரீட் தளம், அதற்குள் கம்பி வலை.

ரவுட்டரை வாசலில் செருப்பு ஸ்டாண்டு மேல் வைத்திருந்தார்கள். வயர் வருகிற இடம் அதுதான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. லைன்மேனைக் கூப்பிட்டு மாடிப்படித் திருப்பத்துக்கு மாற்றினேன். பெட்டிக்குப் பின்னால் அவர்கள் சுருட்டி விட்டிருந்த ஃபைபரே போதுமானதாக இருந்தது. நீங்களாக மாற்றினால் ஃபைபரை மடக்கிவிடாதீர்கள், உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மாற்றிய பிறகு அப்பா அறையில் மைனஸ் 68. நிற்பது பாதியாகக் குறைந்தது. 2.4-இல் சேனல் அகலத்தை, அதாவது நம் வைஃபை காற்றில் பிடிக்கிற இடத்தின் அகலத்தை, 40 மெகாஹெர்ட்ஸாக வைத்திருக்கிறேன், நீங்களும் வையுங்கள்.

மார்ச் 6, காலை 7.20

திருநகர் அக்கா ஒருவர் கேட்கிறார்: எங்கள் வீட்டில் மைனஸ் 78, ஆனால் வீடியோ நிற்பதே இல்லை, பாட்டு மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

நல்ல கேள்வி அக்கா. வீடியோ ஆப்கள் வசதி கிடைக்கும்போது நிறைய முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். வரத்து குறைந்தால் படத்தின் தரத்தை இறக்கிக்கொண்டு ஓட்டும், மங்கலாகும், ஆனால் நிற்காது. சில வைஃபை ஸ்பீக்கர்களின் தொட்டி ரொம்பச் சின்னது. நீங்கள் கேட்பது நேரலை ரேடியோ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே இன்னும் சிக்கல், இன்னும் ஒலிபரப்பாகாத நிகழ்ச்சியை யாரும் முன்கூட்டி எடுத்து வைக்க முடியாது. ஆரம்பத்தில் கிடைத்த சில விநாடிச் சேமிப்புதான். அது கரைந்தால் நின்றுதான் தொடரும்.

மார்ச் 9, ஞாயிறு, பிற்பகல்

முதலில் திருத்தம். சேனல் அகலத்தை 40 ஆக வைக்கச் சொன்னது தவறு. யாராவது மாற்றியிருந்தால் தயவுசெய்து 20-க்குத் திருப்பிவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல். ஆனால் ஒன்றுக்கொன்று 5 மெகாஹெர்ட்ஸ் தூரம்தான், ஒவ்வொரு வைஃபைக்கும் தேவைப்படுவதோ 20. அதனால் 1, 6, 11 ஆகிய மூன்றும்தான் ஒன்றோடொன்று முட்டாமல் நிற்கும். 40 அகலம் வைத்தால் மூன்றில் இரண்டு பங்கை நாமே எடுத்துக்கொள்கிறோம், அந்த இரண்டு பங்கிலும் இருக்கிற எல்லா இரைச்சலையும் வாங்கிக்கொள்கிறோம். வேகச் சோதனையில் எண் ஏறும், பாட்டு மோசமாகும். என் நோட்டில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது: 20-இல் இருந்தபோது ஒரு சாயங்காலத்துக்கு 4 தடவை நின்றது, 40-இல் 9 தடவை.

எங்கள் மொட்டை மாடியில் நின்று எண்ணினேன், 23 வைஃபை பெயர்கள். வில்லாபுரத்துத் தெரு தெரியுமல்லவா, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பதினான்கு பேர் 1-இல், ஆறு பேர் 6-இல், மூன்று பேர் 11-இல். 3-உம் 4-உம் காலியாகத் தெரிந்ததால் அங்கே போய் உட்காரலாம் என்று தோன்றும். நானும் இரண்டு நாள் உட்கார்ந்தேன், அது சரிப்படவில்லை. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்று பேசும்போது மற்றது காத்திருந்து முறை வைத்துப் பேசும், அது வைஃபையின் இயல்பு. 4-இல் உட்கார்ந்தால் 1-இல் பேசுவதும் 6-இல் பேசுவதும் அரைகுறையாகக் காதில் விழும். அந்த அரைகுறையை வைத்து முறை போட முடியாது, வெறும் சத்தம். 11-க்குப் போனேன். நின்றது ஒரு சாயங்காலத்துக்கு 2 தடவையாகக் குறைந்தது.

அப்புறம், இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். குறை வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பிரிக்க ஒரு வழி உண்டு. பாட்டு கேட்கிற இடத்திலேயே உட்கார்ந்து பிங் (ஒரு சின்னக் கேள்வி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் என்று அளப்பது) ஓட விடுங்கள், ஆனால் வெளியே எங்கோ இருக்கிற தளத்துக்கு வேண்டாம், உங்கள் ரவுட்டருக்கே. பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும். ஐந்து நிமிஷம் ஓடட்டும். எனக்கு வந்தது இப்படி: 3, 4, 3, 5, 212, 4, 3, 480, பதில் இல்லை, பதில் இல்லை, 6, 3. எல்லாம் மில்லிவிநாடி. காலுக்குக் கீழே பத்தடி தூரத்தில் இருக்கிற பெட்டிக்கே இந்தத் தடுமாற்றம் என்றால், 500 எம்பி வாங்கி என்ன ஆகப் போகிறது? ரவுட்டருக்குச் சீராக 3, 4 என்று வந்து, வெளியே மட்டும் தடுமாறினால் அப்போது லைன்காரரைக் கூப்பிடுங்கள்.

மார்ச் 10

ஒத்தக்கடை நண்பர், தினமும் இரவு எட்டரைக்கு மட்டும் இரண்டு மூன்று நிமிஷம் நிற்கிறது என்று எழுதியிருக்கிறார். மைக்ரோவேவில் சாப்பாடு சூடு பண்ணுகிற நேரமா என்று பாருங்கள். அது வேலை செய்வதும் 2.45 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம்தான். கசிகிற கொஞ்சமே போதும்.

மார்ச் 10, இரவு 9.30

அதேதான் என்கிறார். ரசம் சூடாகும்போது பாட்டு நிற்கிறதாம். ஸ்பீக்கரை 5-க்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன், அங்கே மைக்ரோவேவ் எட்டாது.

மார்ச் 16

5 ஜிகாஹெர்ட்ஸ் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஒரே தளத்தில், ஒரு சுவருக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், 5-க்குப் போய்விடுங்கள். சேனல்கள் நிறைய, பக்கத்து வீட்டு 5 நம் வீட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே வருவதும் குறைவு. அதே காரணத்தால்தான் நம்முடையது மாடிக்கு ஏறாது. ஃபோனை எடுத்துக்கொண்டு அப்பா அறைக்குப் போனேன்: 2.4 மைனஸ் 68, 5 மைனஸ் 82. அதுவும் போக, எங்கள் ராஸ்பெர்ரி பை 3 பி மாடல், அதில் 5 கிடையாது. 2018-இல் வந்த 3 பி பிளஸ்ஸில்தான் சேர்த்தார்கள். பழைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் உங்கள் பொருளில் 5 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ரவுட்டரில் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர் வைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். ஒரே பெயரில் இருந்தால் ஸ்பீக்கர் தன் இஷ்டத்துக்கு 2.4-இல் ஒட்டிக்கொண்டு நகராது, நாம் 5-இல் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்போம்.

5-இல் சேனலைக் கையால் வைப்பதானால் 36 முதல் 48-க்குள் வையுங்கள். 52-இல் இருந்து 144 வரை ரேடாரும் பயன்படுத்துகிற இடம். ரேடார் மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்யும். போகிற சேனலும் அதே பகுதியில் என்றால் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்ட பிறகே வாய் திறக்கும். அந்த ஒரு நிமிஷம் பாட்டு இல்லை. எப்போதாவது, காரணமே தெரியாமல், சரியாக ஒரு நிமிஷம் போல நிற்கிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள்.

மார்ச் 23

வைஃபையைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டர் பெட்டி ஒன்று வாங்கினேன். அப்பா அறையிலேயே மாட்டினேன், விளக்கு பச்சையாக எரிந்தது, ஸ்பீக்கருக்கு மைனஸ் 35. ஆனால் பாட்டு முன்னைவிட அதிகமாக நின்றது.

இரண்டு நாள் யோசித்த பிறகு புரிந்தது. ரிப்பீட்டருக்கு வந்து சேருவதே மைனஸ் 68-இல் தடுமாறித்தான். அதையே உரக்கத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். ரிப்பீட்டரை வைக்க வேண்டிய இடம் பாதி வழி. மேலும், ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திருப்பிப் பேசுவதால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை காற்றில் அனுப்புகிறது. ஏற்கெனவே நெரிசலான காற்றில் நம் பங்குக்கு நாமே நெரிசலை இரட்டிப்பாக்குகிறோம். கடைக்காரர் நல்லவர், திருப்பி எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 6

ரவுட்டரிலிருந்து அப்பா அறைக்கு நெட்வொர்க் (லேன்) கேபிளே போட்டுவிட்டேன்.

முதலிலேயே செய்திருக்கலாம் என்று சிலர் சொல்வீர்கள். வீட்டைக் கட்டும்போது இதற்கென்று பைப் விடவில்லை. இருக்கிற கன்சீல்டு பைப்பில் கரண்ட் வயர் நெருக்கமாக ஓடுகிறது. கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் லேன் கேபிளை இழுக்கக் கூடாது, பாதுகாப்பும் இல்லை, இரைச்சலும் ஏறும். அதனால் படிக்கட்டுத் திருப்பத்து ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, மழைநீர்க் குழாயை ஒட்டி மேலே ஏற்றி, அப்பா அறை ஜன்னல் கட்டையில் துளை போட்டு உள்ளே கொண்டுவந்தோம். மொத்தம் 18 மீட்டர். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் தூரம் ஒரு கவலையே இல்லை.

கேபிள் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். சிலவற்றில் கேட் 6 என்று கேபிளின் தர வகை எழுதியிருக்கும், விலை பாதியாக இருக்கும், கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரியும், மேலே மட்டும் செம்புப் பூச்சு. கையில் எடுத்தாலே கனம் இருக்காது. முழுச் செம்பு கேட்டு வாங்குங்கள். வெளியே வெயிலில் போகிற பகுதிக்கு நான் அரை அங்குல பிவிசி பைப் போட்டேன். நம் ஊர் வெயிலுக்கு உறை நேரடியாகக் காய்ந்தால் வெடித்துவிடும். இடி மின்னல் நேரத்தில் இரண்டு முனையையும் பிடுங்கி வைத்துவிடுகிறேன்.

முனையில் கனெக்டர் அடிக்க எலக்ட்ரீஷியன் தம்பிக்குப் பழக்கம் இல்லை. நானே அடித்தேன். உறையைச் சீவினால் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கிக் கிடக்கும். முறுக்கைப் பிரித்து, விரல் நகத்தால் நீவி நேராக்கி, இடமிருந்து வலமாக: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. நீலம் பச்சைக்கு நடுவில் வந்து உட்காருவதுதான் எல்லோரும் தவறவிடும் இடம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எட்டையும் பட்டையாகப் பிடித்து, ஒரே வெட்டாக வெட்டி, கனெக்டருக்குள் தள்ளினால் எட்டு செம்பு முனையும் அந்தப் பக்கத்துப் பிளாஸ்டிக்கில் வரிசையாக மினுங்க வேண்டும். ஏழு மினுங்கினால் வெளியே இழுத்து மறுபடி. நாலாவது தடவையில் எட்டும் வந்தது.

இப்போது அப்பா அறையில் இருந்து பிங்: 1, 1, 1, 1, 1. ஒரு பக்கம் முழுக்க நோட்டில் ஒன்று ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 7

நேற்றிரவு ஒரு மணி இருபது நிமிஷம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. தோடி முடிந்து, கீர்த்தனை முடிந்து, தனித் தவில் முடிகிற வரைக்கும் அப்பாவின் கை இறங்கவே இல்லை. நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 10

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். மார்ச் 2 அன்று "லைனில் பிரச்சினை இல்லவே இல்லை" என்று அடித்துச் சொன்னேன். அதில் பாதிதான் சரி.

நேற்று முன்தினம் மீனாட்சி திருக்கல்யாணம். சித்திரைத் திருவிழாவுக்கு எப்போதும் போல தேனியிலிருந்து பெரியம்மா குடும்பம், சிவகங்கையிலிருந்து சித்தப்பா குடும்பம் எல்லோரும் வந்திருக்கிறார்கள். வீட்டில் பதினான்கு ஃபோன். அன்று இரவு அப்பா, திருக்கல்யாண நாள் என்பதால், ஆப்பில் ஒரு கல்யாணக் கச்சேரி போடச் சொன்னார். கேபிளில்தான் ஓடுகிறது. இருந்தும் நின்றது. நாற்பது விநாடி.

பிங் போட்டேன். ரவுட்டருக்கு 1, 1, 1. வெளியே 680, 710, 695. வழக்கமாக 9 இருக்கும்.

கோயிலில் எடுத்த படமும் வீடியோவும் பதினான்கு ஃபோனில் இருந்து ஒரே நேரத்தில் மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன. ஃபோன்கள் வைஃபையைப் பிடித்ததும் தாமாகவே பேக்கப் செய்ய ஆரம்பித்துவிட்டன. 40 எம்பி நிரம்பிவிட்டது. நிரம்பினால் என்ன, பாட்டு கீழே இறங்குவதுதானே, மேலே ஏறுவது இதைத் தடுக்குமா? தடுக்கும். ஒவ்வொரு துண்டுப் பாட்டும் வந்து சேர்ந்ததும் நம் பக்கத்திலிருந்து "வந்துவிட்டது" என்று ஒரு சின்ன ஒப்புகை மேலே போனால்தான் தொடர்ந்து வேகமாக அனுப்புவார்கள். அந்தச் சின்னச் சீட்டு, பெரியம்மா மகன் எடுத்த இரண்டு ஜிபி வீடியோவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. ஃபைபர் பெட்டி எதையும் கைவிடாமல் வரிசையை நீளமாக வளர்த்துக்கொண்டே போவதுதான் நோய். இதைப் பஃபர்ப்ளோட் என்கிறார்கள். பஃபர் இல்லாமல் பாட்டு நிற்பதைப் பற்றி இத்தனை நாள் எழுதினேன், இங்கே தவறான இடத்தில் பஃபர் அதிகமாகி பாட்டு நிற்கிறது.

யாரையும் ஃபோனை வைக்கச் சொல்ல மனம் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறார்கள். ரவுட்டரில் எதற்கு முதலிடம், எதற்கு எவ்வளவு என்று முறை வைக்கிற கியூஓஎஸ் என்ற பகுதியில் போய், மேலே ஏறுவதற்கு 34 எம்பி என்று வரம்பு வைத்தேன். லைனின் திறனுக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் வரிசை வெளிப் பெட்டியில் சேராமல் நம் ரவுட்டரிலேயே நிற்கும், அங்கே அது நம் சொல் கேட்கும். அப்பா அறைக்கு முதலிடம் கொடுத்தேன். பிங் 24-க்கு இறங்கியது. படங்களும் ஏறிக்கொண்டுதான் இருந்தன, பாட்டும் ஓடியது.

ஆக, திருத்திய வாசகம்: லைனின் அகலம் போதும். லைனின் வாசலில் நிற்கிற வரிசையைத்தான் கவனிக்க வேண்டும்.

மே 13

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். வீடு காலியாகிவிட்டது. அப்பாவை அழைத்துப் போக முடியவில்லை. தெருவில் போன கூட்டத்தின் சத்தத்தை ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேலூர் ஐயா ஒருவர், மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை மட்டும் தகராறு என்கிறார். ரவுட்டர் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பூட்டிய மர டப்பாவுக்குள்ளாம். கத்திரி வெயிலில் அந்த டப்பாவுக்குள் அது தாங்காது ஐயா. சூடு ஏறினால் தானாக நின்று தானாக எழும். கீழே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் டப்பாவின் கதவையாவது கழற்றுங்கள்.

கரண்ட் போகும்போது நிற்பது வேறு கதை. இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்கிற அந்தக் கண்ணிமைப்பில் ரவுட்டர் அணைந்து எழுந்தால் மறுபடி இணைய இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வைத்தால் போதும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும்.

மே 18

திருப்பரங்குன்றத்தில் அறை எடுத்துப் படிக்கிற தங்கை கேட்டது: ஃபோனில் வைஃபை, ஃபோனிலிருந்து ப்ளூடூத் ஸ்பீக்கர், விட்டு விட்டு வருகிறது. ப்ளூடூத்தும் 2.4-இல்தான் ஓடுகிறது அம்மா. நிறைய ஃபோன்களில் இரண்டுக்கும் ஒரே ஆண்டெனா, ஒன்று பேசும்போது மற்றது ஒதுங்கி நிற்கும். வைஃபையை 5-க்கு மாற்று. சுற்றுகிற வட்டம் எதுவும் தெரியாமல் சத்தம் மட்டும் வெட்டுப்படுகிறது என்றால் அது ப்ளூடூத்தின் குறை, இணையத்தைத் திட்ட வேண்டாம். தினமும் கேட்கிற பாட்டு இருபது முப்பது என்றால் இறக்கி வைத்துக்கொள், பாதித் தொல்லை அதோடு போகும்.

இன்னொன்று இப்போது நினைவுக்கு வருகிறது. யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்கை ரவுட்டருக்கு ஒட்டி வைக்காதீர்கள். அந்த இணைப்பு 2.4-இல் இரைச்சல் கிளப்பும். எங்கள் வீட்டு டிஸ்கை ஒரு மீட்டர் தள்ளி வைத்ததும் மற்றவர்களின் ஃபோனுக்கு மைனஸ் எண் மாறவில்லை, ஆனால் பிங் சீரானது.

ஜூன் 1

ஆனையூர்த் தம்பி எழுதியிருக்கிறார். பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினாராம், ஸ்பீக்கரை 5-இல் போட்டாராம். இரண்டு மாதமாக நிற்கவில்லை. 500-க்கு மாறவில்லை, அடுத்த மாதத்திலிருந்து 100-க்கு இறங்குகிறாராம். பீரோவை நகர்த்த நான்கு பேர் வேண்டியிருந்தது என்றும், பின்னால் ஏழு வருஷமாகத் தேடிய அம்மாவின் ஒற்றைக் கம்மல் கிடைத்தது என்றும் எழுதியிருக்கிறார். ரொம்பச் சந்தோஷம் தம்பி.

ஜூன் 15

நேற்று சாயங்காலம் அப்பா மேலிருந்து கூப்பிட்டார். "பாட்டு நின்னுடுச்சுப்பா."

நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரவுட்டருக்குப் பிங் 1. வெளியே 9. கேபிள் சரி. அதற்குள் பாட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது. இணையத்திலிருந்து வந்த பாட்டும் இல்லை அது, ஹாலில் டிஸ்கில் இருக்கிற அப்பாவின் பழைய பதிவு, கோயில் திருவிழாவில் அவரே டேப் ரெக்கார்டர் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்தது. பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். 45-ஆவது நிமிஷம். நாதஸ்வரம் பாதியில் அறுந்து, ஒரு 'டக்', நான்கு விநாடி ஒன்றுமில்லை, மறுபடி ஒரு 'டக்', வேறொரு இடத்திலிருந்து நாதஸ்வரம்.

90 நிமிஷக் கேசட். ஏ பக்கம் முடிந்து, பி பக்கத்துக்குத் திருப்பிப் போட்ட இடம். கணினிக்கு மாற்றியபோது இரண்டு பக்கத்தையும் நான் அப்படியே ஒட்டியிருக்கிறேன்.

"வெட்டிச் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார். "அங்கே உங்க அம்மாதான் கேசட்டைத் திருப்பிப் போட்டா. பொத்தானை அமுக்குற சத்தம் கேக்குது பாரு."

அதை அப்படியே விட்டுவிட்டேன்.